நல்வாக்குப்பட்டி நால்வரும் ஷிராமே ஊர்ப் பல்வலியும்

நல்வாக்குப்பட்டிச் சபையின் நற்செய்திக் குழுவில் நாலு பேர். நாலு பேரும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். ஒரு விரற்கடை கூடவும் மாட்டார்கள், குறையவும் மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்டவர்களை நல்ல பிள்ளைகள் என்பார்கள். பெர்சிஸ் வேறொரு சொல் வைத்திருந்தாள். போதகர் வீட்டுப் பெண் என்பதால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெர்சிஸின் அப்பா, போதகர் ஞானசிகாமணி ஐயர், ஜப்பானில் ஷிராமே என்கிற கடலோரச் சிற்றூரில் ஆறு வருஷமாக ஊழியம் செய்கிறார். ஆராதனைக்கு வருகிறவர்கள் அப்பா, அம்மா, பெர்சிஸ், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். குளிர்காலத்தில் ஹீட்டருக்காக ஒரு பூனையும் வரும். அப்பா ஊருக்கு எழுதும் அறிக்கையில் பூனையைச் சேர்ப்பதில்லை. அவ்வளவு நேர்மையானவர்.

நேர்மைக்குக் கிடைத்த பலன், மிஷன் செயலர் பொன்னுதுரையிடமிருந்து ஒரு கடிதம். ‘அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை ஊராருக்கு ஒரு விருந்து வையுங்கள்; நானே நேரில் வருகிறேன். கூடம் நிறைந்தால் இருங்கள். நிறையாவிட்டால் மூட்டை கட்டுங்கள். ஒத்தாசைக்கு நாலு பேரை முன்னாலேயே அனுப்புகிறேன்.’

பெர்சிஸ் அங்கே பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அவள் இருப்பது அப்பாவின் விசாவில்; அப்பா போனால் அவளுக்கும் விசா கிடையாது. ஆக, கட்டப்போகிற மூட்டைகளில் அவளும் ஒன்று. மூட்டையிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

“ஆறு வருஷத்துக்கு முந்தி இந்த ஊர் வேண்டாம்னு அழுதேன், கேக்கலை. இப்ப இந்த ஊர்தான் வேணும்ங்கிறேன், அதையும் கேக்கலை. எப்பத்தான் கேப்பீங்க?” என்றாள் அப்பாவிடம்.

“ஜெபம் பண்ணும்மா,” என்றார் அப்பா.

அவள் ஜெபமும் பண்ணினாள். கூடவே, வரப்போகிற நால்வருக்கு ஒழுங்குமுறைகளையும் ஒரு தாளில் எழுதி ஊருக்கு அனுப்பினாள். அதுதான் அவள் செய்த தப்பு.

முதல் விதி: ‘உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்றி, வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கவும்.’ விருந்துக்கு முந்தின புதன்கிழமை, விமான நிலையத்து ரயிலடியில் நால்வரும் அப்படியே நாலு ஜோடிச் செருப்பையும் பிளாட்பாரத்தில் வரிசையாகத் திருப்பி வைத்துவிட்டு ரயிலில் ஏறினார்கள். கதவு மூடியது. ரயில் கிளம்பியது.

“செருப்பு அங்கன நிக்கே,” என்றார் அருமைநாயகம்.

“நிக்கட்டும்வே. வாசலைப் பாத்துத்தானே நிக்கி,” என்றார் குழுத் தலைவர் கோயில்பிள்ளை.

மறுநாள் காலை ரயில்வேக்காரர் ஒருவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, நாலு ஜோடியையும் பையில் கொண்டுவந்து கொடுத்து, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று பெர்சிஸுக்கு ரத்தம் கொதித்தது.

அதற்குள் வாழைப்பழப் பிரச்சினை வந்துவிட்டது. தாளில் இரண்டாவது விதி, எரியக்கூடிய குப்பையை வெள்ளிக்கிழமைதான் போடலாம் என்பது. அன்று வியாழன்.

“தோல் எரியுமா?” என்றாள் தேவஇரக்கம். குழுவில் அவள் ஒருத்திதான் பெண்.

“காய்ஞ்சா எரியும்.”

“காயாத தோலு எந்தக் கிழமை?”

“அதுக்குத் தாள்ல கிழமை போடலையேம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் உரிக்காதீங்க,” என்று கோயில்பிள்ளை தீர்ப்புச் சொன்னார்.

குழுவின் நாலாவது ஆள் ஆசீர்வாதம், ஏற்கெனவே ஒரு பழத்தைப் பாதி உரித்திருந்தார். “அதுவும் சரிதான்,” என்று சொல்லிவிட்டுத் தோலோடு தின்றார். ஆசீர்வாதம் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

அன்றைக்கு முக்கியமான வேலை ஒன்று இருந்தது. ஸ்டேஷன் வாசலில் நின்று விருந்துக்கு அழைப்புக் கொடுக்க வேண்டும். அந்த நாட்டில் வெறும் நோட்டீஸை நீட்டினால் ஒருவரும் வாங்க மாட்டார்கள். டிஷ்யூ பொட்டலத்துக்குள் செருகி நீட்டினால் எல்லாரும் வாங்குவார்கள். அம்மா முந்நூறு பொட்டலம் தயார் செய்திருந்தாள். உள்ளே இருந்த அட்டையில் கூடத்துக்கு வழி, சனிக்கிழமை பதினோரு மணி, ‘எல்லாம் இலவசம்’ என்கிற வரி, அம்மா கையால் வரைந்த, பல் தெரியச் சிரிக்கிற முகம் ஒன்று.

பெர்சிஸுக்கு அன்று பரீட்சை. நால்வரையும் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினாள். எதிர்ப்பக்கம் ரோஸ் நிறத் தொப்பி போட்ட பெண் ஒருத்தி, யாருக்காகவோ இதே மாதிரி பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்துவிட்டது.

“அந்தப் பொண்ணைப் பாருங்க. அவ என்ன செய்யுறாளோ அப்படியே செய்யுங்க. என்ன சொல்றாளோ அப்படியே சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? அதையே பிற்பாடு அவள் எல்லாரிடமும் கேட்டாள்.

ரோஸ் தொப்பிக்காரி குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள். நாடா இல்லாத நால்வரும் குனிந்து செருப்பைத் தொட்டு நிமிர்ந்தார்கள். அவள் தண்ணீர் குடித்தாள். குடித்தார்கள். அவள் கொட்டாவி விட்டாள். இங்கே சிக்கல் வந்தது.

“நம்மளும் விடணுமா அண்ணாச்சி?” என்றார் அருமைநாயகம்.

“என்ன செய்யுறாளோன்னுதான பாப்பா சொல்லிச்சு. கொட்டாவி செய்யுறதா, தானா வாரதா?”

“தானா வாரதுதான்.”

“அப்ப காத்திருப்போம். வந்தா விடுவோம்.”

“அதுவும் சரிதான்,” என்ற ஆசீர்வாதத்துக்கு உடனே வந்துவிட்டது.

அவள் சொன்னதையும் விடவில்லை. ஒரு மணி நேரம் காதைத் தீட்டிக் கேட்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து, நால்வரும் ஒரே குரலில் முழங்கினார்கள். ஊரே திரும்பிப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் முந்நூறு பொட்டலமும் தீர்ந்துபோயிற்று. ஆறு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. வீட்டுக்கு வந்த பெர்சிஸ் கூட, ‘பரவாயில்லையே, வீணாகத் திட்டிவிட்டோமோ’ என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தாள். அந்த ராத்திரியை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கே கூடம் நிறைய ஆரம்பித்தது. பதினோரு மணிக்கு நாற்காலி போதவில்லை. முன்வரிசையில் செயலர் பொன்னுதுரை கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன ஐயரே, ஆளே வாரதில்லைன்னு எழுதிக்கிட்டு இருந்தீரு?” என்றார்.

அப்பா இன்னும் இரண்டு நாற்காலி தேடி அவசரமாகப் போனார். பெர்சிஸுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. வந்தவர்களில் பாதிப் பேர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் கன்னம் வீங்கியிருந்தது.

அதே நேரம் கோயில்பிள்ளை காணிக்கைப் பையோடு வந்தார். பிதுங்குகிற அளவுக்குப் பை நிறைந்திருந்தது. செயலர் அதைக் கண்டு கண்ணை மூடி நன்றி சொன்னார். பெர்சிஸ் கையை விட்டுப் பார்த்தாள். அத்தனையும் மருத்துவக் காப்பீட்டு அட்டை. அந்த நாட்டில் ஆஸ்பத்திரி வாசலில் முதலில் நீட்டுவது அதைத்தான்.

“என்ன மாமா இது?”

“யாரு எதைக் கொடுத்தாலும் ரெண்டு கையாலயும் வாங்கணும்னு தாள்ல போட்டிருக்கே பாப்பா. வாசல்லயே எடுத்து நீட்டுதாங்க. வாங்கிப் போட்டேன்.”

“அன்னைக்கு ஸ்டேஷன்ல என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க பாப்போம்.”

நால்வரும் நேராக நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சுத்தமான ஜப்பானிய உச்சரிப்பில் சொன்னார்கள். அதன் பொருள் இது: பல் வலிக்கிறதா? ஒகிதா பல் மருத்துவமனை இந்தச் சனிக்கிழமை திறக்கிறது. முதல் சிகிச்சை இலவசம்.

கூடத்தில் இருந்தவர்கள் அதைக் கேட்டு, ஆமாம் ஆமாம் என்று நம்பிக்கையோடு தலையை ஆட்டினார்கள்.

பெர்சிஸ் கணக்குப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் கூடம் காலியாகும். கூடம் காலியானால் அவள் படிப்பும் காலி. சொல்லாவிட்டால், ஐம்பது பேர் பல்வலியோடு பாட்டுக் கேட்க வேண்டும். இரண்டாவது அநியாயத்தை அவளால் சகிக்க முடியவில்லை. முன்னால் போய், இடுப்பு வரை குனிந்து, நடந்ததை நடந்தபடி ஜப்பானிய மொழியில் சொன்னாள்.

ஒரு கிழவர், “சாப்பாடும் பொய்யா?” என்று கேட்டார்.

“சாப்பாடு நிஜம்.”

“எங்களால் மெல்ல முடியாதே.”

அம்மா யோசிக்கவே இல்லை. பிரியாணிக்கு வைத்திருந்த கிராம்பு அத்தனையையும் எடுத்துவந்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, வலிக்கிற பல்லில் வைத்து அமுக்கச் சொல்லி ஜாடை காட்டினாள். கால் மணியில் முகங்கள் தெளிந்தன. அரை மணியில் தட்டுக்குக் கை நீண்டது. ஒருவரும் எழுந்துபோகவில்லை.

எழுந்துபோகாததோடு, கூட ஒருவர் வந்தும் சேர்ந்தார். அவர்தான் டாக்டர் ஒகிதா. பக்கத்துத் தெருவில் மாலை போட்டுத் திறந்துவைத்த மருத்துவமனையில் ஈ காக்கை வராததால், சனமெல்லாம் எங்கே போகிறது என்று பார்க்க வந்திருந்தார். அவர் வணங்கிவிட்டுச் சொன்னதைச் செயலர் மொழிபெயர்க்கச் சொன்னார்.

“இங்க இருக்கிறவங்க எல்லாம் அவருக்கு வந்த நோயாளிங்களாம்,” என்றாள் பெர்சிஸ்.

செயலரின் முகம் வாடியது. கோட்டுப் பொத்தானைத் திரும்பப் போட்டார். “அப்ப நமக்குன்னு ஒருத்தரும் வரலை.”

“கூடம் நிறையணும்னுதான் எழுதியிருந்தீங்க. எதுக்காக வந்து நிறையணும்னு எழுதலையே,” என்றாள் பெர்சிஸ்.

“வாதம் பண்ணாதம்மா.”

“கடிதத்துல இருக்கிறதைத்தான் சொல்றேன்.”

“யோசிச்சுச் சொல்லுதேன்,” என்று எரிச்சலோடு சொன்ன செயலர், யோசிப்பதற்கு வசதியாகத் தேவஇரக்கம் நீட்டிய தட்டிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து வாயில் போட்டார்.

பாசிப்பயறும் வெல்லமும் உருட்டிப் பொரித்த அந்தப் பலகாரத்தைத் தேவஇரக்கம் ஊரில் செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கடித்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் தங்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் ஒகிதா தட்டைக் கீழே வைத்தார். அவருக்கு முதல் நோயாளி கிடைத்துவிட்டார்.

செயலரைக் கைத்தாங்கலாகப் பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் சாய்த்தார்கள். நாலு மணிக்கு அவருக்கு ரயில். அப்பா நால்வரையும் கூப்பிட்டு, “அவர் கிளம்புமுன்னே முடிவைக் கேட்டு மினிட்ஸ் புத்தகத்துல எழுதிருங்க. விட்டா இன்னும் ஆறு மாசம் இழுக்கும்,” என்றார். நால்வரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

டாக்டர் ஊசி போட்டு, வாயைத் திறந்து பிடிக்க ஒரு கம்பியை மாட்டி, தன் நாட்டு மருத்துவர்கள் எல்லாரும் சொல்வதைச் சொன்னார். பெர்சிஸ் மொழிபெயர்த்தாள்: “வலிச்சா இடது கையைத் தூக்கணுமாம்.” செயலர் கண்ணால் சரி என்றார். இயந்திரம் கிர்ரென்று சுழல ஆரம்பித்தது.

கோயில்பிள்ளை தொண்டையைச் செருமினார். ஊரில் முப்பது வருஷம் சபைக் கமிட்டியில் இருந்தவர். தீர்மானம் வாசிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“ஷிராமே ஊழியம் தொடர்ந்து நடக்கவும், ஐயர் குடும்பம் இங்கனயே இருக்கவும் இந்தக் கமிட்டி தீர்மானிக்கிறது. ஆதரிக்கிறவங்க கையைத் தூக்கலாம்.”

டாக்டர் அப்போதுதான் உடைந்த பல்லின் அடியைத் தொட்டார். செயலரின் இடது கை விறைப்பாக மேலே போனது.

“ஒண்ணு,” என்றார் கோயில்பிள்ளை. தேவஇரக்கம் புத்தகத்தில் எழுதினாள்.

பெர்சிஸ் வாயைத் திறந்தாள். இது செல்லாத வாக்கு என்பதற்கு ஐந்து காரணம் அவளுக்குத் தெரியும், ஐந்தையும் வரிசையாகச் சொல்லவும் தெரியும். பிறந்ததிலிருந்து ஒரு வாதத்தையும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை. மெல்ல வாயை மூடிக்கொண்டாள்.

செயலரின் வலது கையும் மேலே போனது.

“அண்ணாச்சி, ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான். இவரு ரெண்டு கையையுமில்லா தூக்குதாரு,” என்றார் அருமைநாயகம்.

“கமிட்டி முறை தெரியாமப் பேசாதேயும்வே. முதல் கை முன்மொழியுது. ரெண்டாவது கை வழிமொழியுது.”

“அதுவும் சரிதான்,” என்றார் ஆசீர்வாதம்.

டாக்டர் இன்னும் கொஞ்சம் உள்ளே போனார். இப்போது செயலரின் இரண்டு காலும் நாற்காலியை விட்டு எழும்பி, காற்றில் உதைத்தன. தேவஇரக்கம் கவலையோடு பார்த்தாள்.

“காலையும் தூக்கிட்டாரே அண்ணாச்சி. இதை என்னன்னு எழுத?”

கோயில்பிள்ளை விரலைக் கன்னத்தில் வைத்து நிதானமாக யோசித்தார்.

“தீர்மானம் பலத்த ஆரவாரத்துக்கிடையே நிறைவேறியதுன்னு எழுதும்மா.”