மகரவழுதிப் புள்

கடலோரச் சங்குத்துறை நாட்டை ஒரு காலத்தில் மகரவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் தன் பெயர் காதில் விழுந்தால் போதும், மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இதைத் தெரிந்துவைத்திருந்தவர் பறவைநூல் புலவர் தருமசேனர். ஒரு தை மாதம் மாடத்திலிருந்து கடற்காக்கைக் கூட்டத்தைக் காட்டி, "அரசே, நூலில் உள்ளவை பழுப்புத்தலை, கருந்தலை என இரண்டே வகை. இவற்றுக்கோ தலை வெள்ளை. ஆகவே இது புதிய இனம். மகரவழுதிப் புள் என்று பெயரிட்டுவிட்டேன்" என்றார்.

ராஜா பூரித்துப்போனார். அரண்மனைக்கு மீன் கொண்டுவந்த முத்தாரி மட்டும் சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு?" என்றார் ராஜா.

"இது புதுசு இல்லீங்க, மகாராசா. அந்த ரெண்டு வகையும்தான் கலந்து நிக்குது. பனிக்காலத்துல ரெண்டுக்கும் தலை வெளுத்துடும்."

தருமசேனருக்கு முகம் சுண்டியது. "எழுத்தறியாதவள் என்னைத் திருத்துவதா? இவள் சொல் பொய்த்தால், மீன் காயப்போடும் கரையை விட்டே இவள் குடும்பம் போகவேண்டும்."

ராஜாவும் தலையாட்டினார். அந்தக் கரையை விட்டால் முத்தாரிக்குப் பிழைப்பு ஏது? ஆனாலும் அவள் பின்வாங்கவில்லை, அதுதான் எனக்கு அவளிடம் பிடித்தது.

பத்துப் பறவைகளைப் பிடித்துக் கூண்டிலிட்டார்கள். கண் வெளிறியிருந்த ஆறு பறவைகளின் காலில் முத்தாரி சிவப்பு நூல் கட்டினாள். கண் கறுத்திருந்த நான்குக்கு மஞ்சள் நூல். "பங்குனியில பாருங்க. சிவப்பெல்லாம் பழுப்புத்தலை, மஞ்சளெல்லாம் கருந்தலை" என்றாள். கூண்டுக்கு ராஜமுத்திரை வைத்தார்கள்.

பங்குனியில் சபை கூடியது. சிவப்பு நூல் கட்டியவற்றுக்குத் தலை பழுத்திருந்தது, மஞ்சள் நூல் கட்டியவற்றுக்குக் கறுத்திருந்தது; முத்தாரி சொன்னதில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்று முணுமுணுத்தார் புலவர்.

"அப்போ நூலை அவுத்துட்டுத் தலையைத் துணியால மூடுங்க, சாமி. இறக்கையை மட்டும் விரிச்சுக் காட்டுங்க."

கறுத்த நுனியில் வெள்ளைப் பொட்டு இருந்தால் "பழுப்புத்தலை" என்றாள். முன்விளிம்பு நெடுக வெள்ளை ஓடினால் "கருந்தலை" என்றாள். ஒவ்வொரு முறையும் காவலன் துணியை விலக்கினான். பத்துக்குப் பத்தும் சரி. சபையே எழுந்து நின்றது.

"எந்த நூலில் படித்தாய், அம்மா?" என்றார் ராஜா.

முத்தாரி தலை நிமிர்ந்து சொன்னாள்: "இருபது வருசமா என் கூடையில திருடுறவன் யாருன்னு எனக்குத் தெரியாதா, மகாராசா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கரையை அவளுக்கே செப்பேட்டில் எழுதிக்கொடுத்தார். பிறகு புலவர் பக்கம் திரும்பினார். அடுத்த பனிக்காலம் முழுவதும் தருமசேனர் கையில் ஓலை இல்லை. முத்தாரியின் கருவாட்டுக்குக் காக்கை விரட்டும் குச்சிதான் இருந்தது.