பதினொரு மிலார்க் கூடுகள்

"மிலாரை எப்பம்மா எடுக்கறது?" என்று கேட்டார் நஞ்சுண்டன்.

மடத்துக் கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மலையில் வாழும் யாரும் கேட்கிற கேள்வி அல்ல அது.

கார்த்திகையில் உறைபனி தொடங்கும் முன் பூச்செடிகளைச் சுற்றி மிலார் என்ற காட்டுச்செடியின் கிளைகளை நிறுத்தி, உச்சியில் குவித்து, சணலால் கட்டுவார்கள். சின்னச் சின்னக் கூடுகள் போல இருக்கும். மாசி முடிந்து பனி விலகியதும் பிரித்துவிடுவார்கள். செடி வெயில் பார்க்கும். அவ்வளவுதான்.

இப்போது பங்குனி நடக்கிறது.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார் சமையல்காரர் புட்டசாமி. "அறுபத்தெட்டு வயசுல இதை வந்து கேக்கறீங்களே. நாளைக்கு, சோறு எந்தக் கையில சாப்பிடறதுன்னு கேப்பீங்களா?"

நஞ்சுண்டன் சிரிக்கவில்லை.

மடத்தம்மா அவரைப் பார்த்தார். மடத்தை நடத்தும் அந்த அம்மாவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். நஞ்சுண்டனின் மகளைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர். ஆனாலும் அவர் அந்தப் பெண்ணை அம்மா என்றுதான் அழைப்பார். அந்த அம்மா அவரை ஐயா என்பார்.

"போன வருசம் எப்ப எடுத்தீங்க, ஐயா?"

"மாசிக் கடைசியில."

"இந்த வருசம்?"

"எடுக்கல."

"ஏன்?"

"அவ கட்டினது."

அவர் மனைவி கௌரம்மா தை மாதத்தில் இறந்துபோனது எல்லோருக்கும் தெரியும். புட்டசாமி தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பதினொரு கூடும்மா," என்றார் நஞ்சுண்டன். "கை விட்டுப் பாத்தேன். கம்மல் பூச்செடி துளிர் விட்டிருக்கு. துளிர் வெள்ளையா இருக்கு, பச்சையே இல்ல. இன்னும் கொஞ்ச நாள் போனா அழுகிடும். எடுத்தா, அவ கட்டினது போயிடும். எடுக்கலன்னா, அவ வெச்சது போயிடும். நான் எதைக் காப்பாத்தறது?"

மடத்தம்மா பதிலுக்கு வேறொன்று கேட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

"புல்தரையை என்ன பண்ணினீங்க?"

"அதெல்லாம் ஆச்சு."

ஆகியிருந்தது. பனியில் கருகிய புல்லை வாரியால் வாரி எடுத்திருந்தார். இரும்பு முள்ளால் சாண் இடைவெளியில் குத்தி, தரைக்கு மூச்சு விட வழி செய்திருந்தார். சலித்த செம்மண்ணையும் மக்கிய சாணத்தையும் பாதிக்குப் பாதி கலந்து மெல்லிசாகத் தூவி, காலையில் தண்ணீர் தெளித்து வந்தார். வீட்டு முன்னால் புதுப் புல் தலைகாட்டியிருந்தது. ஒவ்வொரு வருடமும் செய்கிற வேலை. எதையும் மறக்கவில்லை.

கூடுகளிலிருந்து தொங்கிய சணல் வால்கள் மட்டும் புல்தரை மேல் வந்து கிடந்தன. வாரியில் சிக்காமல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வாரினார். வாரி முடிந்ததும் கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

இதை அவர் மடத்தம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

"கத்தி இருக்கா, ஐயா?"

இடுப்பைத் தொட்டுக் காட்டினார். மடக்குக் கத்தி. தோட்டத்துக்குப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும் இடுப்பில் இருக்கும்.

"வெட்டிடுங்களேன்."

"எப்பவும் வெட்டத்தாம்மா செய்வேன். எப்பவும் திட்டுவா."

"என்னன்னு?"

"'அவுக்கத் தெரியாதா மனுசா? சணல் திரும்ப வேணும்'னு."

"அவுத்திருக்கலாமே."

"எங்க பொறுமை இருந்துச்சு? வெயில் வந்துடுச்சுன்னா எனக்குக் கை நிக்காது. சரக்சரக்குன்னு வெட்டித் தள்ளிட்டு, டீ போடுன்னு சொல்லிட்டுப் புல்லுல உக்காந்துடுவேன்."

சொல்லும்போதே அவர் குரல் தணிந்தது. அந்த டீ அவருக்கு ஞாபகம் வந்தது. கூடுகள் பிரிக்கிற அன்று மட்டும் கௌரம்மா அடுப்படியில் குடிக்க மாட்டாள். இரண்டு டம்ளரையும் வெளியே எடுத்து வருவாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, புதுப் புல் மேல் வெறுங்காலோடு மெதுவாக நடந்து வருவாள். காலுக்குக் கீழே இன்னும் குளிரும். "ஐயோ, சில்லுன்னு இருக்கு" என்பாள். ஆனால் செருப்பைப் போட்டுக்கொள்ள மாட்டாள்.

"ஐயா," என்றார் மடத்தம்மா. "பின்னால பட்டாணிக் கொடி சாயுது. கொஞ்சம் குச்சியில கட்டிவிடறீங்களா?"

நஞ்சுண்டனுக்கு முகம் வாடிவிட்டது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனால் எழுந்து போனார்.

*

இருபது குச்சி. இருபது கொடி. முற்பகலில் கட்டி முடித்தார்.

கறிவேப்பிலை பறிக்க வந்த புட்டசாமி நின்று பார்த்தார்.

"கொடியைக் கட்டச் சொன்னா, ஓடிப்போற திருடனைக் கட்டற மாதிரி கட்டியிருக்கீங்களே."

"காத்து அடிச்சா நிக்கணுமில்ல?"

"காத்து என்ன, யானை இழுத்தாலும் நிக்கும். கொடிக்குத்தான் மூச்சு நின்னுடும்."

"நீ போய் உன் குழம்பைப் பாரு."

"குழம்பு என்னை ஒண்ணும் சொல்லாது. நல்ல குழம்பு."

அவர் போன பிறகு மடத்தம்மா ஒரு கட்டு மூங்கில் குச்சியோடு வந்தார்.

"நீளக் குச்சி இப்பத்தான் வந்துச்சு, ஐயா. பழைய குச்சி பட்டாணிக்கு எட்டாது. எல்லாத்தையும் அவுத்துட்டு இதுல கட்டிடுங்க."

நஞ்சுண்டன் கை இடுப்புக்குப் போனது.

"கத்தி வேண்டாம்," என்றார் மடத்தம்மா. "சணல் திரும்ப வேணும்."

நஞ்சுண்டன் நிமிர்ந்து பார்த்தார். மடத்தம்மா ஏற்கெனவே பூவாளியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

அவர் உட்கார்ந்து அவிழ்க்கத் தொடங்கினார்.

தன் முடிச்சு தனக்கே பிடிபடவில்லை. நகத்தால் நெம்பினார். பல்லால் கடித்தார். முதல் முடிச்சு அவிழ்வதற்குள் கட்டைவிரல் நகம் கிழிந்தது. இரண்டாவதில் ஒரு கொடியின் கணு முறிந்தது. முறிந்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

இருபதையும் அவிழ்த்தார். வெயில் உச்சிக்கு வந்து, தாண்டியது. யாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. புட்டசாமி கூட.

பிறகு மறுபடி கட்ட உட்கார்ந்தார்.

இந்த முறை கை வேகமாக ஓடவில்லை. விரல் எரிந்தது. முதல் கொடியைக் குச்சியோடு சேர்த்து இடது கையால் அணைத்துப் பிடித்தார்.

அணைத்துப் பிடிப்பது அவருக்குப் பழகிய வேலை. முப்பத்தொன்பது கார்த்திகை அதைத்தான் செய்திருக்கிறார். மிலாரை அவர் கட்டிப்பிடித்து நிற்பார். முகத்தில் இலை குத்தும். கௌரம்மா செடிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து நின்று கட்டுவாள். அவர் கண்ணுக்கு நேராக அவள் விரல்கள் மட்டும் தெரியும்.

"அசையாம பிடி."

"இலை மூக்குல ஏறுது."

"ஏறட்டும். அசையாத."

இரண்டு சுற்று. ஒரு வளையம். வளையத்துக்குள்ளே இன்னொரு வளையம். கீழ்ப்பக்கம் ஒரு இழுப்பு. மிச்சச் சணலை வெட்டாமல், முழ நீளத்துக்குத் தொங்க விட்டுவிடுவாள்.

"எதுக்கு இவ்வளவு நீளம் விடற? வாரியில வந்து வந்து சிக்குது."

"கண்ணு இருந்தா தெரியும்."

இதையே ஒவ்வொரு வருடமும் கேட்பார். இதையே ஒவ்வொரு வருடமும் சொல்வாள். சொல்லிவிட்டு, சுவரோரம் நின்றபடி சிரிப்பாள். சணலை வீணாக்குகிறாள் என்று அவர் முணுமுணுப்பார்.

போன கார்த்திகையிலும் சொன்னாள். மூச்சு வாங்கியது. கடைசி இரண்டு கூடுகளை உட்கார்ந்தபடி கட்டினாள். "நான் கட்டட்டுமா?" என்று அவர் கேட்டதற்கு, "நீ கட்டினா செடி செத்துடும்" என்றாள்.

நஞ்சுண்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் கட்டியது போலவே கட்டிவிட்டு அடுத்த கொடிக்கு நகர்ந்தார். அதற்கடுத்ததற்கு. நிழல் பாத்தியின் மறுகரைக்குப் போய்விட்டது.

பூவாளியோடு மடத்தம்மா வந்து நின்றார்.

"முடிஞ்சுதா, ஐயா?"

"முடிஞ்சுதும்மா."

மடத்தம்மா குனிந்து முதல் கொடியைப் பார்த்தார். தொங்கிய நுனியை இரண்டு விரலால் பிடித்து, லேசாக இழுத்தார்.

முடிச்சு இல்லை. சணல் முழுசாக அவர் கையில் இருந்தது. கொடி மெல்லச் சாய்ந்து அவர் மணிக்கட்டில் படுத்துக்கொண்டது.

நஞ்சுண்டன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மடத்தம்மா சணலை அவரிடம் நீட்டினார். நஞ்சுண்டன் வாங்கி, கொடியை அணைத்துப் பிடித்து, மறுபடி கட்டினார். இரண்டு சுற்று. வளையம். வளையத்துக்குள் வளையம். இழுத்துப் பார்த்தார். காற்றுக்கு நிற்கும். நுனியைத் தானே பிடித்து இழுத்தார். அவிழ்ந்தது.

இன்னொரு முறை கட்டினார். இன்னொரு முறை இழுத்தார்.

"இவ்வளவு நீளமா வால் விட்டிருக்கீங்களே," என்றார் மடத்தம்மா.

"அவ அப்படித்தாம்மா விடுவா."

"கட்டறப்ப அவங்க எங்க நிப்பாங்க?"

"உள்ள. சுவரோரமா."

"வால் எந்தப் பக்கம் தொங்கும்?"

"புல்தரைப் பக்கம். நான் வந்து நிக்கற..."

நஞ்சுண்டன் கையிலிருந்த சணல் நுனியைப் பார்த்தார்.

மடத்தம்மா பூவாளியைச் சாய்த்துப் பட்டாணிக்குத் தண்ணீர் விடத் தொடங்கினார்.

நஞ்சுண்டன் அவசரமில்லாமல் அந்தக் கொடியைக் கட்டிவிட்டு எழுந்தார். முழங்கால் மண்ணைத் தட்டினார். இடுப்பிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து, அடுப்படிப் படியில் வைத்தார். கீழே இறங்கி வீட்டுப் பாதையில் நடந்தார். வெயில் சாய்ந்திருந்தது. வெள்ளைத் துளிருக்கு உறைக்காத வெயில்.

"ஐயா!" என்று பின்னாலிருந்து புட்டசாமி கத்தினார். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்! கத்தியை வேற விட்டுட்டுப் போறீங்க!"

"நீயே வெச்சுக்கோ," என்றார் நஞ்சுண்டன், திரும்பாமல். "வெங்காயம் அரிய ஆகும்."