முட்டில் தேய்த்த களிம்பு

சொர்ணலிங்கத்துக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருடம் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் வேலை பார்த்துவிட்டு, அறுவை சிகிச்சை படிக்க அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அவருடைய ஆசிரியை டாக்டர் மெஹருன்னிசா அவரைவிட எட்டு வயது இளையவர். மாணவரை "சார்" என்றுதான் கூப்பிடுவார். வார்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இருவரும் கண்டுகொள்வதில்லை.

அன்று காலை ஆவுடைத்தாய் வந்து சேர்ந்தார். மிளகாய்க் காட்டில் எழுபது வருடம் காய்ந்த உடம்பு. ஒரு தலையணைக் கனம்தான் இருக்கும். மூன்று நாளாக வாந்தி, வயிற்று உப்புசம். குடல் எங்கோ அடைபட்டிருக்கிறது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. தாமதித்தால் உயிர் போய்விடும். குடலிறக்கமோ என்று சொர்ணலிங்கம் இரண்டு தொடையிடுக்கையும் தடவிப் பார்த்தார். எங்கும் புடைப்பு இல்லை.

"அய்யா, வயித்த விட இந்த முட்டுதான்..." என்று ஆரம்பித்தார் ஆவுடைத்தாய்.

"அத அப்புறம் பாப்போம் ஆச்சி. மொதல்ல வயிறு."

இரக்கமில்லாதவர் அல்ல. நர்ஸிடம் களிம்பு வாங்கி, அந்த வலது முழங்கால் முட்டில் தானே தேய்த்துவிட்டார். கேஸ் ஷீட்டில் மட்டும் முட்டுவலி ஏறவில்லை.

மெஹருன்னிசா வந்து கட்டிலருகே நின்றார். கற்பூரமும் தைலமுமாகக் களிம்பு வாசனை.

"யாருக்கு முட்டுவலி?"

சொர்ணலிங்கம் சொன்னார். மெஹருன்னிசா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆவுடைத்தாய் மெல்ல, சுற்றி வளைத்து, பருத்திக்கும் மழைக்கும் போய்த் திரும்பி வந்து சொல்லி முடித்தார். வாந்தி தொடங்கிய அன்றுதான் வலியும் வந்ததாம். தொடையின் உள்பக்கமாக இறங்கி முட்டில் வந்து நிற்குமாம். மடக்கிக்கொண்டால் தேவலையாம்.

மெஹருன்னிசா அந்தக் காலை மெதுவாக நீட்டி, உள்பக்கம் திருப்பினார். ஆவுடைத்தாய் முந்தானையைக் கடித்தார். மடக்கியதும் முகம் தளர்ந்தது.

"முட்டுல ஒண்ணுமில்ல சார். இடுப்பெலும்புல சுண்டுவிரல் நுழையற மாதிரி ஒரு வழி இருக்கு. தொடைக்குப் போற நரம்பு அதுலதான் போகுது. குடலும் அதுல போய்ச் சிக்கி, அந்த நரம்ப அமுக்கியிருக்கணும். ஸ்கேன் எடுங்க."

ஸ்கேனில் அடைப்பு அங்கேதான் இருந்தது. மதியத்துக்குள் வயிற்றைத் திறந்தார்கள். சிக்கிய குடல் கத்தரிக்காய் நிறத்தில் வெளியே வந்தது. வெதுவெதுப்பான உப்புநீர்த் துணியால் மூடிவிட்டு, மெஹருன்னிசா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குடலில் உயிர் இருந்தால் நிறம் திரும்பும். துணியை விலக்கியபோது குடல் இளஞ்சிவப்பாகியிருந்தது. அதை உள்ளே வைத்து, வழியைத் தைத்து அடைத்தார்கள்.

நான்காம் நாள் ஆவுடைத்தாய் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சொர்ணலிங்கத்தைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க தேச்ச மருந்துதான் அய்யா. முட்டுவலி போன எடம் தெரியல."

பக்கத்துக் கட்டில்காரி அந்தக் களிம்பின் பெயரைக் கேட்டாள்.

சொர்ணலிங்கத்தால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவில் மெஹருன்னிசாவைப் பிடித்தார்.

"மேடம், அன்னைக்கு நான் கேட்டிருந்தா ஒரு மணி நேரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அவங்க களிம்பாலதான் சரியாச்சுன்னு நம்பி என் கையப் புடிச்சுக்கறாங்க. போய் உண்மையச் சொல்லிடட்டுமா?"

மெஹருன்னிசா வார்டுக்குள் பார்த்தார். கட்டிலருகே அந்த ஸ்டூல் காலியாகக் கிடந்தது.

"சொல்லுங்க சார். ஆனா அன்னைக்கு முட்டப் பத்தி உங்ககிட்ட அவங்க ஆரம்பிச்சது இன்னும் பாதியிலதான் நிக்குது. மொதல்ல அவங்க முடிக்கட்டும்."