ஆயரின் இருமல்

இங்கிலாந்தில் மன்னர் பாப்பரசரைப் பகைத்துக்கொண்டு மடங்களை மூடிய காலம். சாவியைத் தர மறுத்த ஒரு மடாதிபதியை அவருடைய வாசலிலேயே தூக்கிலிட்டார்கள். சாவியைத் தந்த மடாதிபதி லாம்பர்ட் ஆயராகிவிட்டார்.

பெரிய கோயிலில் மன்றாட்டு நடத்தும்போது ஆயர் நடுவில் இருமுவார். அந்தச் சாவிதான் தொண்டையில் சிக்கியிருக்கிறது என்று பழைய துறவிகள் கேலி செய்வார்கள்.

அவருடைய சீடர் அம்புரோஸ் இப்போது ஒரு சின்னக் கோயிலில் பாதிரியார். ஒரு மத்தியானம் ஆயர் குதிரையில் வந்து இறங்குவதைப் பார்த்து அம்புரோஸ் வாசலுக்கு வந்தார். துணைக்கு ஆளில்லாமல் ஏன் வரவேண்டும்?

"வாருங்கள் ஆண்டகையே."

"மடத்தில் தந்தையே என்பாய்."

"அப்போது நமக்கு மடம் இருந்தது."

ஆயர் புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நாளை மன்னரின் ஆட்கள் வருகிறார்கள். மன்றாட்டுப் புத்தகத்தை எடு."

புத்தகங்களில் பாப்பரசர் பெயரைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்பது கட்டளை. மீறினால் கயிறு.

"சுரண்டிவிட்டேன்."

ஆயர் அந்த ஆட்டுத்தோல் பக்கத்தைத் தடவினார். "சுரண்டினால் சொரசொரப்பாக இருக்குமே."

எச்சில் தொட்டு ஓரத்தை நெருடினார். ஒட்டியிருந்த தாள் உரிந்தது. அடியில் பெயர் அப்படியே இருந்தது.

"மாவுப் பசையா?"

அம்புரோஸ் வாசலைப் பார்த்தார். வெளியே யாராவது நிற்கிறார்களோ?

ஆயர் பேனாக்கத்தியை எடுத்து எழுத்தெழுத்தாகச் சுரண்டினார். தூள் அவர் மடியில் உதிர்ந்தது.

"கை நன்றாகத்தான் பழகியிருக்கிறது" என்றார் அம்புரோஸ்.

"இப்போது சத்தமாகப் படி."

படித்தார். சுரண்டிய இடம் வந்ததும், இருபது வருடமாகச் சொன்ன நாக்கு தானாகவே பெயரைச் சொல்லிவிட்டது. அம்புரோஸ் வாயைப் பொத்திக்கொண்டார். இதற்காகத்தான் படிக்கச் சொன்னாரா?

ஆயர் கத்தியை மடக்கினார். "நாளை அவர்கள் முன்னாலும் படிக்கச் சொல்வார்கள். இப்படியே வரும்."

"வந்தால்?"

"அந்த இடத்தில் இருமு."

அம்புரோஸ் அவரை உற்றுப் பார்த்தார். அத்தனை புழுதியில் வந்தவர், இதுவரை ஒருமுறைகூட இருமவில்லை.

"எத்தனை நாளைக்கு, தந்தையே?"

"எனக்கு ஏழு வருடமாகிறது."