அமைச்சர் வீட்டுக்குள் நடந்துபோன வேலி

கொன்றையூரை ஆண்ட மகரபூபதிக்கு அரண்மனைத் தோட்டம் என்றால் உயிர். ஒரு நாள் அந்தத் தோட்டத்தின் மேற்கு வேலி பட்டுப்போய், அந்த வழியாக ஒரு பசு புகுந்து அரசருடைய கரும்பைத் தின்றுவிட்டுப் போனது. பகைவர் படையெடுத்து வந்தபோதுகூட அவ்வளவு அவசரமாகக் கூடாத சபை அன்று கூடியது.

"மேற்கு வேலிக்கு என்ன செடி வைக்கலாம்?" என்று கேட்டார் அரசர். "முள் கூடாது. ஆடு மாடு வாய் வைக்கக் கூடாது. பூக்க வேண்டும். தண்ணீர் ஊற்றச் சொல்லக் கூடாது."

தளபதி கள்ளி என்றார். முள் கூடாது என்று அரசர் இப்போதுதான் சொன்னதை அவருக்கு நினைவூட்ட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வைத்தியர் ஆடாதொடை என்றார். ஆடும் கடிக்காது, அரசருக்கு இருமல் வந்தால் கஷாயமும் ஆயிற்று. புலவர் முல்லைக்கொடி என்றார். "கொடி படர முதலில் ஒரு வேலி வேண்டுமே" என்று தளபதி கேட்க, புலவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியாக அமைச்சர் சிதம்பரநாதர் எழுந்தார். தோட்டம் அவர் பொறுப்பு. மேற்கு வேலியை ஒட்டி இருப்பது அவருடைய வீடுதான்.

"முள்ளில்லாத கிளுவைதான் சரி அரசே. கிளையை வெட்டி ஊன்றினால் போதும், வேர் பிடித்துக்கொள்ளும். கிழக்கு வேலி கிளுவைதானே? அதை வைத்த பிறகு தோட்டமே எவ்வளவு வளர்ந்திருக்கிறது பாருங்கள்."

அதென்னவோ உண்மைதான். ஆண்டுதோறும் கிழக்கு வேலியைப் புதுப்பிக்கும்போது தோட்டம் அந்தப் பக்கம் கொஞ்சம் பெரிதாகிவிடும். மண்ணின் வளம் என்று அரசர் பூரித்துப்போவார். அமைச்சருக்குப் பீதாம்பரம் போர்த்துவார்.

அந்த நேரம் பார்த்துக் குயவர் தெருவிலிருந்து சடைச்சி என்ற பெண் சபைக்குள் வந்து கும்பிட்டாள்.

"சாமி, உங்க கிழக்கு வேலி ஏரிக்குப் போற பாதையை முழுங்கிருச்சு. மண்ணு ஏத்துற வண்டி போக வழியில்லை. பொங்கலுக்குப் பானை செய்யணும், சூளை எரியாமக் கெடக்கு. இப்படியே போனா எங்க தெருவே பட்டினிதான். வருசா வருசம் யாரோ வேலிக்கம்பைப் பிடுங்கித் தள்ளி ஊனுறாங்க சாமி."

அமைச்சர் சிரித்தார்.

"இவளுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும் அரசே? யாரும் பிடுங்கவில்லை. கிளுவையின் குணமே அப்படி. கிளை சாய்ந்து மண்ணைத் தொடும். தொட்ட இடத்தில் வேர் விடும். பழையது பட்டுப்போகும். வேலி தானாக நகரும். இயற்கையை நாம் தடுக்க முடியுமா?"

சபை மொத்தமும் தலையாட்டியது. வாழ்நாளில் ஒரு செடி நட்ட கை அங்கே ஒன்றுகூட இல்லை. தோட்டம் பெரிதாவதில் அரசருக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான்.

"தானாக வந்த செடியை நான் எப்படித் தண்டிப்பது? வேலி எங்கே நிற்கிறதோ அதுவே என் தோட்டத்தின் எல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சடைச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

சபையில் கிண்டல் பேசியே சம்பளம் வாங்கும் கூத்தபிரானுக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் முகத்தைப் பவ்வியமாக வைத்துக்கொண்டான்.

"அரசே, இந்தத் தீர்ப்பு கிழக்குப் பக்கத்துக்கு மட்டுமா?"

"நாலு பக்கத்துக்கும்தான்."

"அமைச்சருக்குச் சம்மதமா?"

"பரிபூரண சம்மதம்" என்றார் அமைச்சர்.

"அப்படியானால் மேற்கு வேலி நடுகிற வேலையை எனக்குக் கொடுங்கள். அமைச்சர் சொன்ன கிளுவையையே நட்டுவிடுகிறேன்."

அமைச்சருக்கு வாயெல்லாம் பல். மறுநாளே மகளின் நிச்சயதார்த்தத்துக்காகக் குடும்பத்தோடு சம்பந்தி ஊருக்குப் புறப்பட்டுப் போனார். விருந்தெல்லாம் முடிந்து மனைவி முதலில் திரும்பினாள். அவர் இரண்டு நாள் கழித்து வந்தார்.

வந்தவர் வாசலிலேயே திகைத்து நின்றார். கிணறு அரசர் தோட்டத்தில் இருந்தது. மாட்டுக்கொட்டகை அரசர் தோட்டத்தில் இருந்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே, முற்றத்தின் குறுக்கே, கிளுவைக் கம்புகள் வரிசையாக நின்றன. அடுப்பங்கரை அரசர் பக்கம் போய்விட்டதால், அவர் மனைவி அரண்மனைக் காவலனிடம் அனுமதி வாங்கி ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள்.

அமைச்சர் கால் கழுவக்கூட நிற்காமல் சபைக்கு ஓடினார்.

"அநியாயம் அரசே. கூத்தபிரான் என் வீட்டைப் பறித்துவிட்டான்."

"நான் என்ன செய்தேன்?" என்றான் கூத்தபிரான். "எல்லையில்தான் நட்டேன். கிளை சாய்ந்தது. மண்ணைத் தொட்டது. வேர் விட்டது. இயற்கையை நாம் தடுக்க முடியுமா? வேலி நிற்கிற இடம்தான் எல்லை என்று தீர்ப்பும் இருக்கிறது."

"யாரிடம் கதை விடுகிறாய்? வேலி எங்கேயாவது நடக்குமா? செடிக்கு என்ன, கால் இருக்கிறதா? நூறு வருடம் ஆனாலும் அது நட்ட இடத்தில்தான் நிற்கும். யாரோ கம்பைப் பிடுங்கித் தள்ளி ஊன்றியிருக்கிறார்கள்."

சொல்லி முடித்த பிறகுதான் அமைச்சருக்கே தான் சொன்னது காதில் விழுந்தது.

"சடைச்சியும் இதையேதான் சொன்னாள்" என்றார் அரசர் மெதுவாக.

"அதுதான் அரசே கிளுவையின் குணம்" என்றான் கூத்தபிரான். "குயவர் தெருப் பக்கம் போனால் தானாக நடக்கும். அமைச்சர் வீட்டுப் பக்கம் வந்தால் மட்டும் யாரோ பிடுங்கி ஊன்றியதாகத் தெரியும்."

அரசருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. கிழக்கு வேலியின் ஒவ்வொரு கம்பையும் அமைச்சரே தன் கையால் பிடுங்கி, பழைய இடத்தில் ஊன்ற வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த வேலை முடியும்வரை அவர் வீட்டு ரசம் காவலன் அனுமதியோடுதான் கொதிக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த வாரமே குயவர் தெரு வண்டிகள் ஏரிக்குப் போய் மண் ஏற்றி வந்தன.

அரசர் தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார்.

"அது கிடக்கட்டும் கூத்தபிரான். மேற்கு வேலிக்கு இனி என்ன செடிதான் நடலாம்? நீயே சொல்."

"எந்தச் செடியை வேண்டுமானாலும் நடுங்கள் அரசே" என்றான் கூத்தபிரான். "நடுகிற ஆளை மட்டும் மாற்றிவிடுங்கள்."