சுழலி எடுத்த பொன்வண்டுச் சிறகு

ஒரு காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. கோடையில் முயல்கூட அதை நடந்தே கடந்துவிடும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அதே ஆறு கரையைத் தாண்டி வந்து வளைகளுக்குள்ளும் மரப்பொந்துகளுக்குள்ளும் புகுந்துவிடும். விலங்குகள் எல்லாம் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடும். ஓட முடியாத குட்டிகளை வீடு வீடாகப் போய்த் தூக்கி வருவதற்கு அந்தக் காட்டில் வெள்ளக் காவல் படை ஒன்று இருந்தது.

அந்தப் படையில் சேர வேண்டுமானால் ஆற்றுப் பள்ளியில் மூன்று வருடம் படிக்க வேண்டும். சுழலி என்ற இளம் நீர்நாய் அங்கே இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தது. சுழலிக்கு எல்லாவற்றிலும் வேகம். மற்றவை மூச்சை இழுத்துப் பிடிப்பதற்குள் அது அக்கரைக்குப் போய்த் திரும்பிவிடும். யோசிப்பதற்கு முன்பே அதன் கை நீண்டுவிடும்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் சுழலியும் தோழிகளும் முள்ளம்பன்றியின் கடைக்குப் போயின. ஆற்றோரத்து மருத மரத்தின் பொந்தில் இருந்தது அந்தக் கடை. தேன், காய்ந்த நெல்லி, புல் கயிறு எல்லாம் அங்கே கிடைக்கும். அன்று புதிதாகப் பொன்வண்டுச் சிறகுகள் வந்திருந்தன. பச்சையும் பொன்னுமாக மின்னின.

"ஒரு சிறகுக்கு ஒரு கூடை நத்தை" என்றது முள்ளம்பன்றி.

தோழிகள் ஆளுக்கொன்று வாங்கிக் காதோரம் செருகிக்கொண்டன. சுழலியிடம் நத்தை இல்லை. ஆற்றில் இறங்கிப் பிடித்து வர ஒரு பொழுது போதும். ஆனால் தோழிகள் அப்போதே கிளம்பிவிட்டன.

முள்ளம்பன்றி தேன் எடுக்கக் குனிந்தது. சுழலியின் கை நீண்டது. ஒரு சிறகு அதன் அக்குளுக்குள் போய்விட்டது.

கண்டிப்பான முள்ளம்பன்றியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அது வாசலில் வந்து வழியை மறித்து நின்றது.

"கையைத் தூக்கு."

"எதற்கு?"

"தூக்கு."

சுழலி கையைத் தூக்கியது. சிறகு கீழே விழுந்தது. தோழிகளில் ஒன்று தன் காதில் இருந்த சிறகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"சும்மா விளையாட்டுக்கு எடுத்தேன். இதோ, வைத்துவிடுகிறேன்" என்றது சுழலி.

"விளையாட்டுக்கு எடுப்பவர்கள் ஒளித்து வைக்க மாட்டார்கள். நாளைக் காலையில் யானையிடம் வந்து சொல்."

யானைதான் அந்தக் காட்டின் நடுவர். அது எதையும் மறக்காது. அது போதாதென்று, வரும் வழக்குகளை எல்லாம் மரப்பட்டையில் எழுதியும் வைக்கும்.

மறுநாள் சுழலியோடு அதன் அம்மாவும் வந்தது. அம்மா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. வழியில் எதிர்ப்பட்ட கீரி, "காலையிலேயே இரண்டு பேரும் எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று கேட்டது. "சும்மா, இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மா பொய் சொல்லிச் சுழலி அதுவரை கேட்டதில்லை.

"எடுத்தாயா?" என்று கேட்டது யானை.

"எடுத்தேன்."

"இதற்கு முன் எங்காவது?"

"இல்லை ஐயா."

"முதல் தடவை. பொருளும் கடைக்கே திரும்பிவிட்டது. பத்து நாள் கரையில் ஒதுங்கும் குப்பையை அள்ளு. அதோடு தண்டனை முடிந்தது."

சுழலியின் அம்மா ஓர் அடி முன்னால் வந்தது. "ஐயா, பட்டையில் மட்டும் எழுத வேண்டாமே. படிக்கிற பிள்ளை."

"நடந்ததை எழுதாமல் விட எனக்கு உரிமை இல்லை அம்மா. பத்து நாள் வேலையை முடித்தால் அதையும் பக்கத்திலேயே எழுதுகிறேன்" என்றது யானை.

சுழலி பத்து நாளும் குப்பை அள்ளியது. பள்ளிக்குப் போகிறவை எல்லாம் அந்தக் கரை வழியாகத்தான் போகும். யாராவது வரும் சத்தம் கேட்டால் சுழலி நாணலுக்குள் குனிந்துகொள்ளும். பதினோராம் நாள் காலையில், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனது.

முடியவில்லை, குழந்தைகளே.

மூன்றாம் வருடத் தேர்வில் சுழலிதான் முதலாவதாக வந்தது. உடும்பு இரண்டாவது. படைக்கு அந்த வருடம் ஓர் ஆள்தான் தேவைப்பட்டது. அது யார் என்று எல்லாருக்கும் தெரிந்ததுபோலத்தான் இருந்தது. நேர்காணல் ஒன்றுதான் பாக்கி. அதில் கடைசியாக ஒரு கேள்வி வரும் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். 'உன்மேல் எப்போதாவது வழக்கு வந்ததுண்டா?' என்பதே அந்தக் கேள்வி.

அதைக் கேட்டதும் சுழலி, காட்டிலேயே தந்திரத்தில் கெட்டிக்கார நரியைத் தேடிப் போனது.

"இதற்கா இப்படி நடுங்குகிறாய்? 'இல்லை' என்று சொல். ஒரே வார்த்தை" என்றது நரி.

"பட்டையில் எழுதியிருக்கிறதே."

"யானை வீட்டில் ஆயிரம் பட்டை அடுக்கியிருக்கிறது. யார் போய்ப் புரட்டப் போகிறார்கள்? நீ தடுமாறாமல் சொன்னால் போதும். எங்கே, சொல் பார்ப்போம்."

"இல்லை."

"கண்ணைத் தாழ்த்தாதே. இன்னொரு தடவை."

"இல்லை."

"இப்போது சரி" என்றது நரி.

நேர்காணல் மேட்டுப் பாறையில் நடந்தது. படைத் தலைவரான நாரை நடுவில் நின்றது. ஆற்றோர வீடுகளின் சார்பில் சருகுமான் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. முயலளவே உள்ள அந்தச் சின்ன மானுக்குப் பயந்த சுபாவம். இலை விழுந்தாலும் திடுக்கிடும்.

நாரை நீரோட்டத்தைப் பற்றிக் கேட்டது. மயங்கிய குட்டியை எப்படித் தூக்குவது என்று கேட்டது. சுழலி எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னது.

"உன்மேல் எப்போதாவது வழக்கு வந்ததுண்டா?"

"இல்லை" என்றது சுழலி. கண்ணைத் தாழ்த்தவில்லை.

நாரை தலையசைத்துவிட்டுச் சருகுமானைப் பார்த்தது. "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?"

"கேட்க ஒன்றும் இல்லை" என்றது சருகுமான். "போன வெள்ளத்தின்போது யாரோ என் பொந்துக்குள் நுழைந்துவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் சேர்த்து வைத்திருந்த அத்திப்பழம் ஒன்றுகூட இல்லை. அந்த மழைக்காலம் முழுக்கக் குட்டிக்கு வேரைத் தோண்டித்தான் கொடுத்தேன். இந்தப் பிள்ளையைப் பார்த்ததும் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. இனிமேல் பயமில்லாமல் மேட்டுக்குப் போவேன்."

சுழலி நன்றி சொல்ல வாயைத் திறந்தது. சருகுமான் சிரித்த முகத்தோடு காத்திருந்தது.

"அக்கா, நான் சொன்னது பொய்" என்றது சுழலி. "என்மேல் வழக்கு உண்டு. முள்ளம்பன்றி கடையில் ஒரு பொன்வண்டுச் சிறகைத் திருடினேன். அதற்காகப் பத்து நாள் குப்பை அள்ளினேன். யானையின் பட்டையில் இருக்கிறது."

சருகுமானின் முகத்திலிருந்து சிரிப்பு மறைந்தது.

"உன் அத்திப்பழத்தை நான் எடுக்கவில்லை அக்கா" என்றது சுழலி மறுபடியும். சொன்ன பிறகுதான், அதை யாரும் கேட்கவே இல்லை என்று அதற்கு உறைத்தது. உடம்பெல்லாம் கூசியது.

சருகுமான் தன் கால்களை மெல்ல இழுத்துக்கொண்டது. "நீ எடுத்ததாக நான் சொல்லவில்லை அம்மா. நல்ல பிள்ளையாகத்தான் இருப்பாய். ஆனால் ஆள் இல்லாத வீட்டுக்குள் உன்னை எப்படி அனுப்புவேன்? வேறு யாராவது வரட்டும்."

நாரை சுழலியிடம் சொன்னது: "நீச்சலில் உனக்கு ஈடு கிடையாது. ஆனால் இந்த வேலையில் நீச்சல் பாதிதான். காலி வீட்டுக்குள் நுழைவது மீதிப் பாதி. உடும்பு உள்ளே போகட்டும். உனக்கு இஷ்டம் இருந்தால் கரையில் நின்று கயிறு பிடி. படையில் உன் பெயர் இருக்காது."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியாது" என்றது நாரை.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தது. "கிடைத்ததா?"

"கயிறு பிடிக்கச் சொன்னார்கள்."

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அம்மா கேட்காமல் இருந்ததுதான் சுழலிக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஐப்பசி வந்தது. நான்கு நாள் விடாமல் மழை கொட்டியது. ஐந்தாம் நாள் காலையில் ஆறு கரையைத் தாண்டியது. உடும்பின் பிடி உறுதியானது, ஆனால் தண்ணீரில் அதற்கு வேகம் போதாது. ஒவ்வொரு வீடாக நுழைந்து முயல் குட்டிகளையும் கீரிக் குட்டிகளையும் தூக்கி வந்தது. சுழலி கரையில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது.

கடைசியாகச் சருகுமானின் பொந்து. இரை தேடப் போயிருந்த சருகுமான் திரும்புவதற்குள் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. குட்டி உள்ளே இருந்தது. உடும்பு இரண்டு தடவை இறங்கியது. இரண்டு தடவையும் வெள்ளம் அதைக் கரையிலேயே கொண்டு வந்து தள்ளியது.

சருகுமான் சுழலியின் முன்னால் ஓடி வந்து நின்றது. ஏதோ சொல்ல வந்து, தயங்கியது. பிறகு, "நீ போ" என்றது.

சுழலி கயிற்றை உடும்பிடம் கொடுத்துவிட்டுப் பாய்ந்தது. பொந்துக்குள் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. அதற்கும் மேலே ஒரு திட்டில் அத்திப்பழக் குவியல் இருந்தது. அதன்மேல் ஏறி நின்று குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. சுழலி அதன் பிடரியைக் கவ்வி, மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நீந்தி வந்து கரையில் விட்டது. சருகுமான் குட்டியை நக்கி நக்கி அழுதது.

இரண்டு நாளில் வெள்ளம் வடிந்தது. சுழலி கரையில் உட்கார்ந்து கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தது. சருகுமான் குட்டியோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தது. சுழலி எழுந்து நின்றது.

சருகுமான் நேராகச் சுழலியிடம் வரவில்லை. முதலில் தன் பொந்துக்குப் போனது. தலையை உள்ளே விட்டுப் பார்த்தது. வெகு நேரம் பார்த்தது. அதன் பிறகுதான் சுழலியிடம் வந்தது.

"என் குட்டியைக் காப்பாற்றிக் கொடுத்தாய். உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்" என்றது.

சுழலி தலையைக் குனிந்துகொண்டது. தான் பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்ததைச் சுழலி கவனித்துவிட்டது என்று சருகுமானுக்குப் புரிந்தது.

"நான் ஒரு பயந்தாங்கொள்ளி. தப்பாக எடுத்துக்கொள்ளாதே அம்மா."

"பரவாயில்லை அக்கா. யாராக இருந்தாலும் பார்ப்பார்கள்" என்றது சுழலி. அப்போதும் அதனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சருகுமான் போன பிறகு நாரை வந்தது. "அடுத்த வருடமும் ஆள் எடுப்போம். வந்து பார்" என்றது.

"அந்தக் கேள்வி இருக்குமா?"

"இருக்கும்."

"வருகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சுழலி அடுத்த கயிற்றை எடுத்தது.

நீதி: திருடிய பொருளை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். அதோடு போன நம்பிக்கை எப்போது திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.