லேபிளின் முதுகு

குரு என்றால் தாடி இருக்கும், தாடி இல்லாவிட்டாலும் நம்மைவிட வயதாவது கூட இருக்கும் என்று எத்திராஜ் ஐம்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தார். அவருக்கு மிஷின் வேலை கற்றுக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு அவருடைய கடைசித் தங்கையின் வயதுதான் இருக்கும். பாதி நேரம் மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் பேசுவாள்.

அது திருவள்ளூர் பக்கம் பிளாஸ்டிக் டப்பா செய்கிற ஆலை. எத்திராஜ் முன்பு சொந்தக் கொட்டகையில் டப்பாக்களுக்குப் பசை தடவி லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவர். லேபிளோடேயே பிறக்கிற டப்பாக்கள் வந்ததும் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. பூட்டுப் போட வைத்த ஆலைக்கே வந்து வேலை கேட்டார். வேறு என்ன செய்வது, வயிறு இருக்கிறதே.

முதல் நாளே கேட்டார்.

“தப்பா ஒட்டிட்டா எப்படிம்மா எடுக்கறது?”

அவர் தொழிலில் அதுதான் பெரிய வித்தை. வெந்நீர், பிளேடு, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும், தப்பு நடந்த தடமே தெரியாது.

ஜெசிந்தா ஒரு டப்பாவையும் பிளேடையும் நீட்டினாள்.

“எடுங்கண்ணே.”

சாப்பாட்டு நேரம் முழுக்கச் சுரண்டினார். டப்பா ஓட்டையானது, லேபிள் போகவில்லை. லேபிளும் பிளாஸ்டிக், டப்பாவும் அதே பிளாஸ்டிக். உருகிய சூட்டில் இரண்டும் ஒரே உடம்பாகிவிட்டிருந்தன.

அவள் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அதை அவர் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவளை ‘வாத்தியாரம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கிண்டலாகத்தான்.

வேலை பார்க்க எளிது. மிஷின் கதவைத் திறந்து, மோல்டின், அதாவது இரும்பு அச்சின், குழிக்குள் லேபிளை வைக்க வேண்டும். நிலைமின்சாரத்தில் அது இரும்புச் சுவரைப் பல்லி மாதிரி பிடித்துக்கொள்ளும். கதவைச் சாத்தினால் உருகிய பிளாஸ்டிக் உள்ளே பாயும். கதவைத் திறந்தால் டப்பா. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் எழுத்து தங்களுக்குத் தெரிகிற மாதிரிதான் லேபிளை வைப்பார்கள். எத்திராஜும் அப்படித்தான் வைத்தார். எழுத்து டப்பாவின் சதைக்குள் புதைந்து, வெறும் வெள்ளையாக வெளியே வந்தது.

“முகம் இரும்புக்கு, முதுகு நமக்கு” என்றாள் ஜெசிந்தா.

“அப்ப என்ன லேபிள் வைக்கிறோம்னு நமக்கே தெரியாதே?”

“அதனாலதான் வேற லேபிளுக்கு மாறும்போது லேபிள் தட்டைக் கவுத்துத் தட்டச் சொல்றேன். பழசு ஒண்ணுகூட ஒட்டிக்கிட்டு நிக்கக் கூடாது.”

தட்டைக் கவிழ்த்துத் தட்டுங்கள். தினமும் இதே பாட்டு. எத்திராஜுக்குக் காது புளித்துப்போனது.

அந்த வாரம் ஒரு சத்துமாவுக் கம்பெனியின் டப்பாக்கள் ஓடின. இரண்டு வகை. இரண்டிலும் ஒரே படம், ஒரே நிறம். அடியில் ஒரு வரிதான் வித்தியாசம். ஒன்றில் ‘நிலக்கடலை சேர்ந்தது’. இன்னொன்றில் ‘நிலக்கடலை சேராதது’.

“இந்த ஒரு வரிக்காகவா ரெண்டு லேபிள்?” என்று கேட்டார்.

“கடலை நாக்குல பட்டாலே மூச்சு அடைச்சுப் போற பிள்ளைங்க இருக்குண்ணே. அதுங்களோட அம்மா படத்தைப் பாக்க மாட்டாங்க. அந்த வரியைத்தான் படிப்பாங்க.”

எத்திராஜ் தலையாட்டினார். தலையாட்ட என்ன, அது எல்லோருக்கும் வரும்.

சோதனைக் காலம் முடிகிற நாள் வந்தது. ஜெசிந்தா மிஷினை அவரிடமே விட்டாள். “இன்னிக்கு உங்க லோடு. நான் பக்கத்துல வர மாட்டேன்.” சரியாக ஓட்டினால் நாளையிலிருந்து வேலை நிரந்தரம். எத்திராஜோ நிரந்தரமாகிவிட்டது என்றே காலையில் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். மனைவி ரவை வாங்கி வைத்திருந்தாள், கேசரிக்கு.

காலையில் ‘சேராதது’ ஓடியது. பிறகு ‘சேர்ந்தது’ ஆரம்பிக்க வேண்டும். வேலையை மாற்றும்போது சுறுசுறுப்பைக் காட்ட வேண்டாமா? தட்டை எட்டிப் பார்த்தார். காலி. புது லேபிள் கட்டை அதில் வைத்தார், ஓட்டினார். நடுநடுவே தட்டு இருக்கிற ஸ்டாண்டில் சாய்ந்துகொண்டு, ஒரு பாட்டுகூட முணுமுணுத்தார்.

சாயங்காலத்துக்கு முன்பே ‘சேர்ந்தது’ லோடு முடிந்து லாரியில் ஏறிவிட்டது. எத்திராஜ் டீ டம்ளரை உயர்த்தினார். சட்டைக் கையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

பிரித்துத் திருப்பினார். லேபிள். அடி வரியைப் படித்தார்.

நிலக்கடலை சேராதது.

டம்ளரைக் கீழே வைத்தார்.

தட்டு வெள்ளை. லேபிளின் முதுகும் வெள்ளை. அன்று காற்றில் ஈரமே இல்லை, நிலைமின்சாரம் கூடியிருந்தது. காலையில் மிச்சமானவை தட்டின் ஓரத்தில் அப்பிக்கொண்டிருந்திருக்கின்றன. ஒன்று சட்டைக்கு வந்தது. மற்றவை? அவர் கையே எடுத்து மோல்டுக்குள் வைத்திருக்கலாம். வைத்தாரா இல்லையா என்று அவருக்கே தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் முதுகைத்தானே!

அப்படி ஒரு டப்பா போயிருந்தால் அதில் கடலை மாவை நிரப்புவார்கள். வெளியே ‘சேராதது’ என்று இருக்கும். எவளோ ஒருத்தி அந்த வரியைப் படித்துவிட்டு நிம்மதியாகக் கரைத்துக் கொடுப்பாள்.

எத்திராஜுக்குப் பயம்தான். அந்தப் பிள்ளையை நினைத்து வந்த பயம் பாதி, வேலையை நினைத்து வந்த பயம் பாதி. எது பெரிய பாதி என்று பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

லேபிளைக் குப்பைக் கூடையில் போட்டார். விரலோடு திரும்பி வந்தது. உதறினார். உள்ளங்கைக்கு மாறியது. சனியன், விடமாட்டேன் என்றது. கையை இறுக மூடிக்கொண்டார்.

வாசலில் லாரி ஹாரன் அலறியது.

“இன்னா அண்ணாத்தே, சாவியப் பாத்தியா?” டிரைவர் சீட்டுக்கு அடியில் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். “வண்டியிலயே விட்டுட்டு டீ குடிக்கப் போனேன். காணோம். லேட்டாவுதுப்பா!”

“பாக்கலப்பா” என்றார் எத்திராஜ்.

சாவி கிடைத்ததும் லாரி போய்விடும். போய்விட்டால் எல்லாம் முடிந்தது. யாருக்கும் தெரியாது. சாவி சீக்கிரம் கிடைக்கட்டும் என்று ஒரு மனம் வேண்டியது. கிடைக்கவே கூடாது என்று இன்னொரு மனம் வேண்டியது. டிரைவர் சட்டைப் பையைத் தடவுகிறான். டீக்கடைக்கு ஓடுகிறான். திரும்பி வருகிறான். எத்திராஜின் கால்கள் அவரைக் கேட்காமலே உள்ளே நடந்தன.

ஜெசிந்தா கீழே உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வாத்தியாரம்மா, ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“ஒரு லோடுல ஒண்ணே ஒண்ணு தப்பாப் போனா, யார் கண்ணுல படப் போகுது?”

அவள் நிமிரவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு டப்பாவை எடுத்தாள். கருவிப் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்தாள். இரண்டையும் அவரிடம் நீட்டினாள்.

“எடுங்கண்ணே.”

எத்திராஜ் பிளேடைப் பார்த்தார். அதை வாங்க வலது கையைத் திறக்க வேண்டும். அதற்குள்தான் லேபிள் இருந்தது.

வெளியே ஹாரன் மறுபடி அலறியது.

கையைத் திறந்தார்.

“தட்டைக் கவுத்துத் தட்டலம்மா” என்றார்.

“எத்தனை போயிருக்கும்?”

“தெரியல.”

“அப்ப இறக்கச் சொல்லுங்க.”

“நானா?”

“உங்க லோடுதானே.”

டிரைவர் எத்திராஜின் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். எத்திராஜ் வாங்கிக்கொண்டார். டப்பாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கோபுரம் கோபுரமாக அடுக்கியிருந்தன. அடுக்கியபடி பார்த்தால் விளிம்புதான் தெரியும். ஒவ்வொன்றாக உருவி, திருப்பி, அடி வரியைப் படித்தார். சேர்ந்தது. சேர்ந்தது. சேர்ந்தது. கண் எரிந்தது. படித்தது மனதில் நிற்காமல், அதே டப்பாவை மறுபடி படித்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒன்றில் விரல் நின்றது.

சேராதது.

அதே படம், அதே நிறம். கையில் சின்னதாகக் கனத்தது அந்த வெற்று டப்பா.

“கெடச்சிடுச்சில்ல?” டிரைவர் துள்ளிக் குதித்தான். “ஏத்துங்கப்பா, ஏத்துங்க!”

எத்திராஜ் அடுத்த டப்பாவை உருவினார்.

கடைசி டப்பாவரை படித்தார். வேறு இல்லை. அந்த ஒன்றை அவரே கொண்டுபோய் அரைக்கிற மிஷினில் போட்டார். படமும் எழுத்தும் டப்பாவும் ஒரே தூளாக விழுந்தன. லோடு மறுபடி ஏறியது. அவர் சுவரோரம் உட்கார்ந்தார். வீட்டில் கேசரி ஆறிக்கொண்டிருக்கும். என்னவென்று போய்ச் சொல்வது?

ஜெசிந்தா வந்தாள்.

“எழுந்து திரும்புங்கண்ணே.”

திரும்பி நின்றார். அவர் முதுகிலிருந்து எதையோ உரித்து எடுத்து, அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். இன்னொரு லேபிள். நிலக்கடலை சேராதது.

“இது எப்பலேருந்து...?”

“நீங்க டீ எடுக்கப் போகும்போதே பாத்தேன்.”

எத்திராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை நேரம் தான் பட்ட பாடு முழுக்க அந்தக் கோபத்தில் ஏறிக்கொண்டது.

“தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா? நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா? லோடு போயிருக்குமேம்மா! ஏதாவது ஒரு பிள்ளை...”

ஜெசிந்தா மேல்சட்டைப் பைக்குள் கையை விட்டாள். லாரிச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“லோடு போயிருக்காதுண்ணே” என்றாள். “நீங்க போயிருப்பீங்க.”